பழைய இன்போர்டு இன்ஜினுக்கு எந்த ஆயில்? பிராண்டு சண்டையை விட்டுவிட்டுப் பேசுவோம்

படகின் உடலுக்குள்ளேயே பொருத்தியிருக்கும் பழைய இன்போர்டு இன்ஜினுக்கு என்ன ஆயில் ஊற்றலாம் என்று யாராவது வாய்திறந்து கேட்டுவிட்டால் போதும். அடுத்த நிமிடமே நாலு பிராண்டு பெயர் வந்து விழும், நாலுக்கும் ரசிகர் மன்றம் முளைக்கும். கேட்டவருடைய இன்ஜின் பெட்ரோலா டீசலா, உப்புத் தண்ணீரிலேயே குளிர்கிறதா, வருஷத்தில் எத்தனை மாதம் சும்மா நிற்கிறது, இதையெல்லாம் யாரும் விசாரிக்க மாட்டார்கள். என் கட்சி இதுதான்: பழைய இன்ஜினுக்கு ஆயில் டப்பாவின் முன்பக்கம் இருக்கும் பெயரைவிடப் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதுதான் முக்கியம். அதைப் பார்த்து வாங்கத் தெரிந்தவருக்கு, விலை கூடிய சிந்தெடிக் (செயற்கை) ஆயில் பக்கம் போக வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது.

காரில் ஓடும் இன்ஜினும் படகில் ஓடும் இன்ஜினும் ஒரே வார்ப்பில் பிறந்தவையாக இருக்கலாம். ஜெனரல் மோட்டார்ஸின் வி8 பிளாக்கை எடுத்துத்தான் மெர்க்ரூசர், வால்வோ பென்டா இரண்டுமே பல வருஷம் படகு இன்ஜின் செய்தன. ஆனால் பார்க்கும் வேலை வேறு. சமதளச் சாலையில் சீராகப் போகும் கார் தன் சக்தியில் ஒரு சிறு பங்கைத்தான் செலவழிக்கும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் கொஞ்ச தூரம் உருண்டுகொண்டே போகும். படகுக்கு அந்தச் சலுகை கிடையாது. தண்ணீர் விடாமல் பிடித்து இழுக்கும், டாப் கியருக்கு மாற்றி ஆர்.பி.எம்-ஐக் குறைக்கவும் வழியில்லை. முழு லோடோடு முடிவே இல்லாத மேட்டில் ஏறும் லாரி மாதிரி மணிக்கணக்கில் உழைக்கும். அந்தப் பாரம் முழுவதையும் தாங்குவது பேரிங்குக்கும் அதில் சுழலும் கிராங்க் தண்டுக்கும் நடுவே நிற்கும் மெல்லிய ஆயில் படலம். எரிபொருள் சிக்கனத்துக்காகவே மெலிதாக்கப்பட்ட 0டபிள்யூ-20, 5டபிள்யூ-20 போன்ற கிரேடு ஆயில்களைப் பழைய இன்போர்டு பக்கமே கொண்டுவராதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

தடிமன் கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. 100 டிகிரி செல்சியஸில் 9.3-லிருந்து 12.5 சென்டிஸ்டோக்ஸ் (ஆயில் தடிமனை அளக்கும் அலகு) வரை இருந்தால் அது எஸ்.ஏ.இ என்ற தடிமன் வரிசையில் 30. 12.5-லிருந்து 16.3 வரை என்றால் 40. டபிள்யூ-வுக்கு முன்னால் வரும் எண் குளிரில் ஸ்டார்ட் ஆகும்போது ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைச் சொல்கிறது. தண்ணீர் உறையும் குளிரில் படகை யாரும் ஓட்டப்போவதில்லை, அப்புறம் 0டபிள்யூ எதற்கு? டபிள்யூ-வுக்குப் பின்னால் வருவது மேலே சொன்ன சூட்டுத் தடிமன் எண். இந்த இரண்டு எண்களுக்கும் இடைவெளி கூடக்கூட, சூட்டில் ஆயில் மெலியாமல் இருக்கச் சேர்க்கும் பாலிமரும் பொதுவாகக் கூடும். ஓட ஓட அந்தப் பாலிமர் அறுந்து, ஆயிலும் மெலிந்துபோகும். மெர்க்ரூசர் தன் பெட்ரோல் இன்ஜின்களுக்கு 25டபிள்யூ-40 என்று ஒரு விசித்திர கிரேடைச் சொல்வதன் அர்த்தம் இங்கேதான் இருக்கிறது. இடைவெளி குறைவு, தாங்கும் சக்தி அதிகம். பழைய மேனுவல்கள் வெறும் எஸ்.ஏ.இ 30 அல்லது 40 என்று ஒற்றை கிரேடு சொல்லியிருந்தால் அதைப் பழமை என்று கேலி செய்ய வேண்டாம். இன்றைக்கும் அது நல்ல ஆயில்தான்.

அதற்காகத் தடிமன் கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. ஆயில் பிரஷர் மீட்டர் இறங்குகிறது என்றதும் 20டபிள்யூ-50-க்குத் தாவுகிறவர்கள் உண்டு. முள் ஏறும், மனசும் சமாதானமாகும். ஆனால் தேய்ந்த பேரிங் தேய்ந்தபடியேதான் இருக்கும். 1000 ஆர்.பி.எம்-முக்கு 10 பி.எஸ்.ஐ என்று மெக்கானிக்குகள் சொல்லும் கணக்கு நன்றாகச் சூடேறிய இன்ஜினில் ஓரளவு நிற்கிறதென்றால் மேனுவல் சொன்ன கிரேடிலேயே இருங்கள்.

இனி நான் கொஞ்சம் அதிகமாகவே கத்துகிற விஷயம், ஜிங்க். பழைய பெட்ரோல் இன்ஜின்களில் பெரும்பாலானவை பிளாட் டேப்பெட் வகை. வால்வைத் திறக்கும் கேம் மேடும் அது தள்ளும் டேப்பெட்டின் அடிப்பக்கமும் நேருக்கு நேர் உரசும், நடுவில் ரோலர் எதுவும் கிடையாது. அந்த உரசலில் ஆயில் படலம் பிதுங்கி வெளியேறும் இடத்தில் உலோகத்தைக் காப்பாற்றுவது ஜிங்க்கும் பாஸ்பரசும் சேர்ந்த இசட்.டி.டி.பி என்ற சேர்மானம். இது காரின் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கிறது என்பதால் படிப்படியாகக் குறைத்துவிட்டார்கள். ஆயில் தரம் வகுக்கும் அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏ.பி.ஐ 2004-இல் கொண்டுவந்த எஸ்.எம் தரத்திலிருந்து 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற கிரேடுகளில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கன்வெர்ட்டரே இல்லாத பழைய படகுக்கு இந்தத் தியாகத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை, கேம் தேய்வதுதான் மிச்சம். கவனிக்க வேண்டியது, அந்த வரம்பு மெலிந்த கிரேடுகளுக்குத்தான். 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 போன்றவற்றை அது கட்டுப்படுத்தாது. கனரக டீசல் இன்ஜின்களுக்கு 2006-இல் வந்த சி.ஜே-4 தரத்திலும் பாஸ்பரஸுக்கு 0.12 சதவீதம் வரை இடம் உண்டு. பழைய பெட்ரோல் இன்போர்டு வைத்திருக்கிறவர்கள் பலர் டீசல் வண்டிக்கான 15டபிள்யூ-40-ஐ ஊற்றுவதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அந்த டப்பாவில் பெட்ரோல் இன்ஜினுக்கான எஸ் வரிசைத் தரமும் (எஸ்.எம் போன்றவை) சேர்த்து அச்சிட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தனிப் புட்டியில் விற்கும் ஜிங்க் சேர்மானத்தை அளவில்லாமல் ஊற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. சரியான ஆயிலில் அது ஏற்கெனவே சரியான அளவில் இருக்கிறது, மிதமிஞ்சினாலும் கெடுதல்தான்.

டீசல் இன்ஜின்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2016 டிசம்பரில் சி.கே-4, எஃப்.ஏ-4 என்று இரண்டு தரங்கள் ஒன்றாக வந்தன. சி.கே-4 பழைய தரங்களின் இடத்தில் பயன்படும். எஃப்.ஏ-4 புதிய லாரி இன்ஜின்களுக்காகவே மெலிதாகச் செய்தது. பழைய படகு டீசலுக்கு அது ஆகாது. இரண்டும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், லேபிளைப் பார்க்காமல் எடுத்துவிடாதீர்கள். அப்புறம் டெட்ராய்ட் டீசலின் 71 வரிசை மாதிரி டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் உங்களிடம் இருந்தால் மேலே சொன்ன 15டபிள்யூ-40 கதையை மறந்துவிடுங்கள். அது கேட்பது ஒற்றை கிரேடு எஸ்.ஏ.இ 40, சி.எஃப்-2 தரம், சல்ஃபேட்டட் ஆஷ் (ஆயில் எரிந்தால் மிஞ்சும் சாம்பல்) 1 சதவீதத்துக்கும் கீழே.

சரி, துருவுக்கு வருவோம். தினமும் ஓடும் கார் இன்ஜினுக்குத் துருவைப் பற்றிப் பெரிய கவலை கிடையாது. படகு அப்படியில்லை, வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில் ஈரக்காற்றில் நிற்கும். ஃபோர்-ஸ்ட்ரோக் படகு இன்ஜின்களுக்காக அமெரிக்கப் படகு உற்பத்தியாளர் சங்கமான என்.எம்.எம்.ஏ சான்றளிக்கும் எஃப்.சி-டபிள்யூ தரத்தில் துரு சோதனை தனியாக உண்டு. சாதாரணக் கார் ஆயிலுக்கும் மெரைன் ஆயிலுக்கும் உண்மையான வித்தியாசம் இதில்தான். மெரைன் என்பது வெறும் லேபிள் வியாபாரம் என்று சொல்லும் நண்பர்களோடு இந்த ஒரு விஷயத்தில் எனக்கு ஒத்துவராது.

உப்புத் தண்ணீரை நேராக பிளாக்குக்குள் விட்டுக் குளிரவைக்கும் பழைய இன்ஜின்களில் சிக்கல் இன்னும் கூடுதல். சூடு ஏறினால் உள்ளே உப்பும் சுண்ணாம்பும் படியும் என்பதால் அவற்றின் தெர்மோஸ்டாட் 60 டிகிரி வாக்கிலேயே திறந்துவிடும். இன்ஜினே அவ்வளவு குளிர்ச்சியாக ஓடினால், ஆயிலில் கலக்கும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போக வழியில்லை. அப்படியே தங்கி, அமிலமாகவும் களிம்பாகவும் மாறும். எத்தனை உசத்தியான ஆயிலாக இருந்தாலும் இந்த அழுக்கைச் சுமப்பதற்கு ஓர் எல்லை உண்டு. இந்த இன்ஜின்களில் சிந்தெடிக்கை நம்பி ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுவதைவிட, கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கும் நல்ல மினரல் ஆயிலை அடிக்கடி மாற்றுவது எவ்வளவோ மேல். படகை நீண்ட நாள் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் நிறுத்துவதற்கு முன்பே மாற்றிவிட்டு, புது ஆயில் எல்லா இடத்துக்கும் போகும்வரை சிறிது நேரம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். திரும்ப எடுக்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால், அந்த அமிலம் அத்தனை மாதமும் பேரிங் மேல் உட்கார்ந்திருக்கும்.

சிந்தெடிக் ஊற்றினால் பழைய சீல் ஒழுகும் என்பதில் பாதி உண்மை. இன்றைய சிந்தெடிக் சீலைத் தின்பதில்லை. ஏற்கெனவே காய்ந்துபோன சீலைச் சுற்றி அடைத்துக்கொண்டிருந்த களிம்பைக் கழுவிவிடும், அவ்வளவுதான். கிராங்கின் பின்முனையில் கயிறு வகை ரியர் சீல் உள்ள இன்ஜினில் ஒழுக்கு வந்தால் இன்ஜினையே வெளியே எடுக்க வேண்டியிருக்கும். படகின் அடியறைக்குள் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால்காபி நிறத்தில் வந்தால் ஆயிலை மாற்றுவதோடு முடிக்கக் கூடாது. மேனிஃபோல்டு, ஹெட் கேஸ்கெட், ஆயில் கூலர் எதன் வழியாகத் தண்ணீர் வருகிறது என்று பாருங்கள்.

கடைசியாக, கியர்பாக்ஸ். ஹர்த், வெல்வெட் டிரைவ் போன்ற படகு கியர்பாக்ஸ் வகைகள் பொதுவாக ஏ.டி.எஃப் (ஆட்டோமேட்டிக் கியருக்கான ஆயில்) கேட்கும், அவற்றின் ஆயில் தனி. 1947 முதல் 1984 வரை வந்த அட்டாமிக் 4 என்ற பெட்ரோல் படகு இன்ஜின் அப்படியில்லை, அதன் ரிவர்ஸ் கியரும் இன்ஜின் ஆயிலிலேயே குளிக்கிறது. எரிபொருள் சிக்கனத்தைக் குறிக்கும் ரிசோர்ஸ் கன்சர்விங் முத்திரையோடு, வழுக்கல் கூட்டும் சேர்மானம் போட்ட ஆயிலை அதில் ஊற்றினால் கிளட்ச் தட்டுகள் வழுக்கலாம். அதற்கு அந்த முத்திரை இல்லாத எஸ்.ஏ.இ 30 போதும்.