பிரெய்ட்வுட்டுக்கு ஒரு வரியாவது கொடுத்திருக்கலாம்

நகரத் தீயணைப்புத் துறையின் வரலாறு என்று தொடங்கிய உங்கள் கட்டுரை, குதிரை வண்டி, நீராவி எஞ்சின், மோட்டார் வாகனம் என்று வண்டிகளின் கதையாகவே முடிந்துவிட்டது. மனிதர்கள் எங்கே? 1824-இல் எடின்பரோ நகரத் தீயணைப்புப் படைக்குத் தலைமையேற்ற ஜேம்ஸ் பிரெய்ட்வுட்டைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை. மனம் ஆறவில்லை.

அப்போது அவருக்கு வயது 24. கூரை வேய்பவர், தச்சர், கொத்தனார் என்று கட்டடத்தின் நாடி அறிந்தவர்களாகப் பார்த்துச் சேர்த்தார். இரவு நேரத்தில் பயிற்சி கொடுத்தார். தெருவில் நின்று குத்துமதிப்பாகத் தண்ணீர் பீய்ச்சும் வழக்கத்தை மாற்றி, உள்ளே புகுந்து நெருப்பின் மூலத்திலேயே அடிக்க வைத்தார். அப்படி உள்ளே புகுவதென்றால் தாழ்ந்துதான் போக வேண்டும்; சூடான புகை மேலே எழும். தரையை ஒட்டித்தான் கொஞ்சம் காற்று மிஞ்சும். முதுகில் காற்று உருளை சுமக்கும் இந்தக் காலத்திலும், புகை மண்டிய அறைக்குள் வீரர்கள் ஒரு கையால் சுவரைத் தடவியபடி தவழ்ந்துதான் போகிறார்கள்.

1861-இல் லண்டன் டூலி தெருத் தீயில் சுவர் இடிந்து விழுந்து அவர் இறந்தார். அந்தத் தீ முழுதாக அடங்க இரண்டு வாரம் ஆனது. இரண்டாம் பகுதி வருமானால், தயவுசெய்து அவரிலிருந்து தொடங்குங்கள்.