போஸ்ட்-பேக்குக்குப் பணம் கட்டும் முன்

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரு தம்பி கூப்பிட்டான். இங்கே கலிஃபோர்னியாவில் வளர்ந்த பையன், அவன் அம்மாவும் என் அம்மாவும் கோயில் பழக்கம். "அக்கா, மருத்துவக் கல்லூரிக்குத் தயாராக ஒரு போஸ்ட்-பேக் புரோகிராமில் இடம் கிடைத்துவிட்டது. அப்பா வீட்டின் மேல் கடன் வாங்கிக் கட்டுகிறேன் என்கிறார். சேர்ந்துவிடட்டுமா?"

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டை அடகு வைக்கும் அளவுக்கு ஒரு அப்பா இறங்குகிறார் என்றால், அவர் எதை வாங்குகிறார் என்று யாராவது அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஊரில் இருப்பவர்களுக்காக ஒரு வரி: அமெரிக்காவில் பொதுவாக ப்ளஸ் டூ முடித்து நேராக மருத்துவக் கல்லூரிக்குப் போக முடியாது. முதலில் நான்கு வருடப் பட்டம், அதற்குள் உயிரியல், வேதியியல், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி (கரிம வேதியியல்), இயற்பியல் எல்லாம் லேபோடு முடித்திருக்க வேண்டும், அப்புறம் எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு. பட்டப் படிப்பில் அறிவியலே எடுக்காதவர்களும், எடுத்து மதிப்பெண் கோட்டைவிட்டவர்களும் பட்டத்துக்குப் பிறகு மறுபடி வகுப்புக்குப் போவதுதான் போஸ்ட்-பேக். இதற்கென்றே நடக்கும் புரோகிராமில் சேரலாம். இல்லை, கம்யூனிட்டி காலேஜிலும் (குறைந்த கட்டணத்தில் இரண்டு வருடப் படிப்பு நடத்தும் உள்ளூர்க் கல்லூரி) ஸ்டேட் யுனிவர்சிட்டியிலும் பாடம் பாடமாக நாமே எடுத்துக்கொள்ளலாம். நான் இரண்டாவது வழியில் வந்தவள். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து, ஐந்து வருடம் வேலை பார்த்து, 27 வயதில் ஆரம்பித்தேன். இப்போது குடும்ப மருத்துவத்தில் ரெசிடென்ட், அதாவது பயிற்சியில் இருக்கும் டாக்டர்.

தம்பியிடம் முதலில் கேட்டது, "உன் ஜிபிஏ என்ன?" 2.9 என்றான், 120 கிரெடிட். (ஜிபிஏ என்பது 4-க்குப் போடும் மதிப்பெண் சராசரி, ஏ என்றால் 4. கிரெடிட் என்பது பாடத்தின் எடையைக் காட்டும் அலகு.) சரி, கணக்குப் போடுவோம் என்றேன். இனி 30 கிரெடிட் எடுத்து ஒன்று விடாமல் ஏ வாங்கினாலும் மொத்தம் 3.12-தான் ஆகும். ஒரு நிமிடம் அவன் பேசவே இல்லை. மருத்துவக் கல்லூரியில் சேருகிறவர்களின் சராசரி 3.8 பக்கம் நிற்கிறது. தோற்ற பாடத்தைத் திரும்ப எடுத்தால் பழைய மதிப்பெண் அழிந்துவிடும் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். அழியாது. பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போகும் பொது அமைப்பான ஆம்காஸ், பழையது புதியது இரண்டையும் சேர்த்துத்தான் கூட்டும்.

ஆனால் அதே ஆம்காஸ் இன்னொன்றும் செய்கிறது. பட்டம் வாங்கிய பிறகு எடுத்த இளநிலைப் பாடங்களைப் போஸ்ட்-பேக் என்று தனி வரியில் காட்டும். மொத்த ஜிபிஏ 3.12 என்றாலும், அந்த வரியில் 4.0 நிற்கும். கீழே விழுந்தவன் எழுந்து எவ்வளவு தூரம் நடந்தான் என்பதைப் படிப்பவர் அங்கேதான் பார்ப்பார். புரோகிராமில் படித்தாலும் சரி, தனியாகப் படித்தாலும் சரி, மதிப்பெண் விழுவது அந்த ஒரே வரியில்தான். இதைத்தான் அந்த அப்பாவுக்குச் சொல்ல வேண்டும். பணம் கட்டுவதால் ஏ வராது. (முதுநிலைப் படிப்பாக நடக்கும் ஸ்பெஷல் மாஸ்டர்ஸ் வேறு விஷயம். அதன் மதிப்பெண் முதுநிலைக் கணக்கில் போய்விடும், பழைய ஜிபிஏவை ஒரு புள்ளிகூட உயர்த்தாது.)

புரோகிராம்கள் வீண் என்று சொல்லவே மாட்டேன். கொலம்பியா 1955-லிருந்து நடத்துகிறது. பிரின் மார், கவுச்சர், ஸ்கிரிப்ஸ் எல்லாம் நல்ல பெயர் உள்ளவை. வரலாறோ இலக்கியமோ படித்து நல்ல ஜிபிஏ வைத்திருப்பவர், அறிவியலைத் தொடவே தொடாதவர், ஓரிரு வருடம் வேலையை விட வசதி உள்ளவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம். வகுப்பில் இடம் உறுதி, வழிகாட்ட ஆள் உண்டு, கல்லூரியே ஒரு குழுவாக எழுதிக்கொடுக்கும் கமிட்டி பரிந்துரைக் கடிதம் கிடைக்கும். சில இடங்களில் லிங்கேஜ் என்று ஒன்று உண்டு, குறிப்பிட்ட மருத்துவக் கல்லூரிகளோடு செய்துகொண்ட ஏற்பாடு. நிபந்தனைகளைத் தாண்டினால், விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கும் ஒரு வருடம் மிச்சமாகும். ஆனால் இவை பெரும்பாலும் துறை மாறி வருபவர்களுக்காக அமைந்தவை. நம் தம்பி ஏற்கெனவே உயிரியல் படித்துச் சறுக்கியவன். அவனுக்கு வேண்டியது வேறு.

எனக்கு ஆர்கானிக் கெமிஸ்ட்ரி கிடைத்தது கம்யூனிட்டி காலேஜின் ராத்திரி வகுப்பில். கலிஃபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு யூனிட்டுக்கு 46 டாலர், 5 யூனிட்டுக்கு 230 டாலர். ஆபீஸ் முடித்து ஓடிவந்து, காரிலேயே தயிர்சாதம் சாப்பிட்டு, ஆறு மணிக்கு லேப் கண்ணாடி மாட்டுவேன். என் மேசையில் ஆம்புலன்ஸ் வேலை பார்க்கும் ஒருவர் சீருடையோடு நிற்பார். ஒரு நாள், ஒன்றோடொன்று கலக்காத திரவங்களைப் பிரிக்கும் பிரிபுனலைக் குலுக்கி வைத்துவிட்டு எந்த அடுக்கு நமக்கு வேண்டியது என்று விழித்துக்கொண்டு நின்றோம். ஆசிரியர் வந்து, எதுவும் சொல்லாமல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். அது மேல் அடுக்கில் கலந்தது. அப்படியென்றால் மேலே இருப்பது தண்ணீர், கீழே இருப்பது டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பான். வகுப்பில் மொத்தமே இருபத்துச் சொச்சம் பேர். ஒவ்வொருவர் எப்படி யோசிக்கிறார் என்பது வரை அவருக்குத் தெரியும். பின்னால் எனக்கு அவர் எழுதிய பரிந்துரைக் கடிதத்தில் அது தெரிந்தது.

தனி வழியின் கஷ்டத்தையும் மறைக்கக் கூடாது. பட்டம் வாங்கியவர்களுக்கு நான் படித்த இடத்தில் பதிவு கடைசியில்தான் திறக்கும். இயற்பியல் வகுப்பில் காத்திருப்போர் பட்டியலில் நின்று, இடம் கிடைக்காமல் எனக்கு ஒரு வருடமே போனது. உயிரியல் ஆசிரியரிடம் கடிதம் கேட்க ஒன்றரை வருடம் தள்ளிப்போட்டேன். கேட்கப் போனபோது அவர் ஓய்வு பெற்றிருந்தார், தேடிப் பிடிக்க மாதங்கள் ஆயின. இப்படிச் செய் என்று சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் இரண்டும் நடந்திருக்காது. சில மருத்துவக் கல்லூரிகளுக்குக் கம்யூனிட்டி காலேஜ் மதிப்பெண் மட்டும் போதாது என்று கேள்விப்பட்டு, பயோகெமிஸ்ட்ரியை ஸ்டேட் யுனிவர்சிட்டியில் எடுத்தேன். அது நல்ல முடிவு.

அப்புறம் கடன். மருத்துவப் படிப்புக்குப் புதிதாக வாங்கும் அரசுக் கடனுக்கு 2026 ஜூலையிலிருந்து ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 200,000 டாலர் என்று உச்சவரம்பு. அதற்கு மேல் ஆவதைக் குடும்பமோ தனியார் வங்கியோதான் பார்க்க வேண்டும். அந்த வீடு அப்போது தேவைப்படும். போஸ்ட்-பேக்கிலேயே அதை வைத்துவிட்டால் பிறகு எதை வைப்பார் அவன் அப்பா?

தம்பியிடம் முடிவு எதுவும் சொல்லவில்லை. புரோகிராமுக்கு முன்பணம் கட்ட இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ட்ரான்ஸ்கிரிப்ட் முழுவதையும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், எந்தப் பருவத்தில் சறுக்கினான், ஏன் என்று பார்க்க. அந்தக் காரணம் இன்னும் தீராமல் இருந்தால் எந்த வழியில் போனாலும் அது கூடவே வரும். சனிக்கிழமை எனக்கு டியூட்டி இல்லை. அவன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறான்.