வாக்குவம் கிளீனருக்கு வாய்தான் முக்கியம்

எங்கள் கும்பகோணத்து வீட்டில் அறைக்கு ஒரு தரை. கூடத்தில் தாத்தா காலத்துச் சிவப்பு சிமெண்ட். அதை ஒட்டிய அறையில் அப்பா போட்ட மொசைக். சமையலறையில் டைல்ஸ். மாடியில் தம்பி ஆசைப்பட்டுப் பதித்த மரத்தரை. பெயர்தான் மரம், பார்த்தால் அச்சடித்த பலகை. அதன் மேல் அவனே விரித்த தடித்த கார்பெட். ஊஞ்சலுக்குக் கீழே பவானி ஜமக்காளம். இத்தனையையும் ஒரே இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி ஒருமுறை ஏமாந்தவன் நான். இரண்டாவது முறை வாங்கப் போனபோது கொஞ்சம் விவரத்தோடு போனேன். பல தரை உள்ள வீட்டுக்கு எந்த வாக்குவம் கிளீனர் வாங்கலாம் என்று நண்பர்கள் சிலர் கேட்டதால் எழுதுகிறேன்.

முதல் இயந்திரம் வீடு தேடி வந்தது. டை கட்டிய இளைஞர் ஒருவர் கார்பெட்டில் வெள்ளை மாவைத் தூவி, ஒரே இழுப்பில் காணாமல் போக்கினார். பிறகு குழாயின் நடுவே கறுப்புத் துணியைச் செருகி மெத்தையை உறிஞ்சி, அதில் படிந்திருந்த சாம்பல் நிறத் தூசியை அம்மாவிடம் நீட்டினார். "இதன் மேல்தான் அம்மா நீங்கள் தினமும் படுக்கிறீர்கள்" என்றார். அம்மாவின் முகம் போன போக்கில் அன்றே முன்பணம் கைமாறிவிட்டது. அவர் காட்டிய வித்தை முழுவதும் கார்பெட்டிலும் மெத்தையிலும்தான் நடந்தது, எங்கள் வீட்டிலோ பத்தில் ஒன்பது பங்கு வெறும் தரை என்பது அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போன பிறகுதான் உறைத்தது.

மறுநாள் சமையலறையில் சிந்திய அரிசியை எடுக்கப் போனேன். அடியில் சுழலும் தூரிகை, பாதி அரிசியை விழுங்கி மீதியை ஃபிரிட்ஜுக்கு அடியில் சுண்டிவிட்டது. கூடத்தில் ஜமக்காளத்தின் மேல் வைத்தால், அது ஓரமாகச் சுருண்டு, குழாயின் நுனியில் தரையைத் தொடும் வாய்க்குள் போய்விடும். ஒருவர் ஜமக்காளத்தை மிதித்துக்கொள்ள, இன்னொருவர் இயந்திரத்தைப் பிடித்து இழுக்க வேண்டும். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. அதன் சக்கரம் கெட்டி பிளாஸ்டிக். வாசலிலிருந்து வந்த மணல் ஒன்று அதில் சிக்கிக்கொண்டது தெரியாமல் இழுத்துவிட்டேன். அம்மா எத்தனையோ வருடமாகத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்துக் கண்ணாடியாக்கி வைத்திருந்த சிவப்புத் தரையில், ஊஞ்சலுக்குப் பக்கத்தில், மூன்றாம் பிறை மாதிரி ஒரு கீறல். இன்றைக்கும் இருக்கிறது. விருந்தாளி வந்தால் அம்மா சரியாக அந்த இடத்தில் மணையைப் போட்டுவிடுகிறாள்.

யோசித்துப் பார்த்தால் இயந்திரத்தைக் குற்றம் சொல்ல முடியாது. அது பிறந்ததே கார்பெட் விரித்த ஊர்களில். 1901இல் இங்கிலாந்தில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர், நாற்காலியில் கைக்குட்டையை விரித்து வாயால் உறிஞ்சிப் பார்த்தாராம். துணியில் கறுப்பாகத் தூசி ஒட்டியிருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்த இளைஞரின் கறுப்புத் துணி வித்தைக்கு அவர்தான் மூதாதை போலிருக்கிறது. பூத்தின் இயந்திரம் குதிரை இழுத்துவரும் வண்டி. தெருவில் நிறுத்திவிட்டு, ஜன்னல் வழியாகக் குழாயை விட்டுத் தரைவிரிப்பைச் சுத்தம் செய்தார்கள். ஆறேழு வருடம் கழித்து, அமெரிக்காவின் ஒஹாயோவில் ஜேம்ஸ் மரே ஸ்பேங்ளர் என்ற துப்புரவுப் பணியாளர், கடையின் கார்பெட்டைப் பெருக்கும்போதெல்லாம் ஆஸ்துமாவால் அவதிப்பட்டு, மின்விசிறி மோட்டார், துடைப்பக் கழி, தலையணை உறை ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டி, அடியில் ஒரு சுழலும் தூரிகையையும் வைத்தார். 1908இல் காப்புரிமை கிடைத்தது. அதை வாங்கியவர்களின் குடும்பப் பெயர்தான் ஹூவர்.

அந்தச் சுழலும் தூரிகை கார்பெட்டின் இழைகளுக்குள் புதைந்த மண்ணைத் தட்டி எழுப்புவதற்கானது. வழவழப்பான கல் தரையில் தட்டி எழுப்ப என்ன இருக்கிறது? தட்டினால் பறக்கத்தான் செய்யும். கல் தரைக்கு வேண்டியது அகலமான, மென்மையான முடி வைத்த வாய். அல்லது பஞ்சு மாதிரி மெத்தென்ற உருளை. மரத்தரைக்கும் அதுவேதான். மெல்லிய விரிப்புக்கு, கைப்பிடியில் உறிஞ்சும் வேகத்தைக் குறைக்க ஒரு சிறு திறப்பு வேண்டும். அதைத் திறந்துவிட்டால் ஜமக்காளம் இருந்த இடத்தில் இருக்கும். தடித்த கார்பெட்டுக்கு மட்டும்தான் சுழலும் தூரிகை. அதுவும் தேவையில்லாதபோது நிறுத்திவிடும் வசதியோடு. ஆகவே பல தரை உள்ள வீட்டுக்காரர் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி மோட்டாரைப் பற்றியது அல்ல. இதற்கு எத்தனை வாய், எந்த வாய் எந்தத் தரைக்கு, மாற்றுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான்.

கடைக்காரர்களோ வாட்டிலிருந்துதான் தொடங்குவார்கள். வாட் என்பது மின்சாரத்தை எவ்வளவு குடிக்கிறது என்ற கணக்கு. எவ்வளவு சுத்தம் செய்கிறது என்பதல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் 1600 வாட்டுக்கு மேல் விற்கக் கூடாது என்றது. 2017இல் அதையும் 900 வாட்டாகக் குறைத்தது. அங்கே யாரும் துடைப்பத்துக்குத் திரும்பிவிடவில்லை. இப்போது பெட்டியில் கிலோபாஸ்கல், அதாவது உறிஞ்சும் அழுத்தத்தின் கணக்கும் பெரிதாக அச்சாகிறது. இளநீர் ஸ்டிராவின் நுனியை விரலால் அடைத்துக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள். கன்னம் குழிவிழும்; ஒரு சொட்டும் ஏறாது. அந்தக் கன்னக்குழியின் ஆழம்தான் கிலோபாஸ்கல். ஆனால் குப்பை வாயிலிருந்து பைவரை போய்ச் சேரக் காற்று ஓட வேண்டும். அந்த ஓட்டம் எவ்வளவு என்று கேட்டால் பாதிக் கடைகளில் தலையைச் சொறிகிறார்கள்.

இரண்டாவது முறை நான் ஒரு பொட்டலத்தோடு போனேன். உள்ளே ஒரு பிடி அரிசி, கொஞ்சம் ரவை, கோலமாவு, மகளின் சீப்பிலிருந்து எடுத்த முடி. கடை டைல்ஸில் அதைக் கொட்டியபோது விற்பனையாளர் பார்த்த பார்வையை இங்கே எழுதுவதற்கில்லை. ஆனால் கால் மணி நேரத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது. அரிசியைச் சுண்டுகிறதா, டைல்ஸ் இடுக்கில் இறங்கிய ரவையை எடுக்கிறதா, முடி உருளையில் சுற்றிக்கொண்டால் கையால் கழற்ற முடிகிறதா, கத்தரிக்கோல் தேடி ஓட வேண்டுமா. கோலமாவுதான் பெரிய பரீட்சை. ஓர் இயந்திரம் முன்னால் உறிஞ்சிய மாவைப் பின்னால் புகையாக விட்டது. வெளிக்காற்று வரும் இடத்தில் கறுப்பு பேண்ட் போட்டுக்கொண்டு நின்றதால் கண்கூடாகவே பார்த்தேன்.

மகளுக்குத் தூசி பட்டால் மூச்சு இழுக்கும். அதனால் இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. நுண்தூசியைத் தடுக்கும் வடிகட்டியை ஹெப்பா என்பார்கள்; அப்படி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் மட்டும் போதாது. எந்தத் தரம் என்று எழுதியிருக்க வேண்டும். எச்13 என்றால் மிக நுண்ணிய துகளிலும் 99.95 சதவீதத்தைத் தடுக்கிற வடிகட்டி. அதுவும் இயந்திரத்தின் உடம்பில் இடுக்கு இல்லாமல் இருந்தால்தான் பயன். இல்லையென்றால் காற்று வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு வெளியே போய்விடும். பை இல்லாத ரகம் சிக்கனம்தான். ஆனால் டப்பாவைக் கவிழ்க்கும்போது கிளம்பும் தூசி நேராக மூக்குக்குத்தான் வருகிறது. நான் பை உள்ளதையே எடுத்தேன். மாற்றுப் பை உள்ளூரில் கிடைக்கிறதா என்று விசாரித்த பிறகுதான் பணம் கட்டினேன்.

தானே ஊர்ந்து பெருக்கும் ரோபோ வாங்கச் சொன்னவர்கள் எங்கள் வீட்டு நிலைப்படியைப் பார்த்ததில்லை. அடுக்குமாடி வீட்டுக்கு அது சரி. இங்கே நிலைப்படியைத் தாண்ட முடியாமல் ஒரு அறைக்கு ஒரு ரோபோ வேண்டியிருக்கும். பேட்டரியில் ஓடும் கைக்கருவி அவசரத்துக்கு நல்லது. முழு வேகத்தில் வைத்தால் மாடிக்குப் போவதற்குள் மூச்சு வாங்கிவிடுகிறது.

கடைசியில் நான் வாங்கியது, பின்னால் இழுத்துப் போகிற ரகம். பழையதைவிட வாட் பாதி. ரப்பர் சக்கரம், மூன்று வாய். கடையில் யோசிக்காமல் விட்ட ஒன்று, எடை. எங்கள் வீட்டில் தினமும் பெருக்குவது நான் அல்ல, வேலைக்கு வரும் அக்கா. முதல் இயந்திரத்தை அவர் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, இதை மாடிக்கு ஏற்றும் நேரத்தில் இரண்டு வீடு பெருக்கிவிடுவேன் என்றார். பயன்படுத்தப் போகிறவரைக் கடைக்கு அழைத்துப் போக வேண்டும் என்று இரண்டாவது முறையும் எனக்குத் தோன்றவில்லை. இப்போது ஒரு சமாதானத்துக்கு வந்திருக்கிறோம். கூடமும் முற்றமும் அவருடைய துடைப்பத்துக்கு. கட்டிலுக்கு அடி, மெத்தை, மாடி ஆகியவை இயந்திரத்துக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் அதை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவது நான்.

பொட்டலத்தில் இன்னும் கொஞ்சம் ரவை மிச்சம் இருக்கிறது. இந்த வாரம் வாங்கப் போகிறவர் யாராவது இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளலாம்.