கிரவுண்டுக்கு ஒரு ஐஸ் பெட்டி

ராமநாதபுரம் கரையில் தொண்டியில் இருந்து சாயல்குடி வரைக்கும் மீன் இறங்குகிற ஊரில் எல்லாம் ஐஸ் இருக்கும். பிடித்த மீன் கெட்டுவிடக் கூடாதே. அந்த ஊர்ப் பிள்ளைகள் படிக்கிற கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் டே அன்று காலை பதினொரு மணிக்கு 5,000 மீட்டர் ஓட்டம் விடுவார்கள். முதலுதவி மேசையில் டிங்சர், பஞ்சு, வலி ஸ்பிரே, நாலு குளுக்கோஸ் பாக்கெட். சாளை மீனுக்குக் கிடைக்கிற ஐஸ், வெயிலில் ஓடிச் சூடேறி விழுகிற பிள்ளைக்குக் கிடையாது.

கேட்டால், "கடக்கரைப் புள்ளைகளுக்கு வெயில் என்ன சார் செய்யும்?" என்பார்கள். பாதி உண்மை. வெயில் உடம்புக்குப் பழகும்தான். அது பிறந்த ஊரை வைத்து வருவதில்லை, போன இரண்டு வாரம் வெயிலில் என்ன செய்தோம் என்பதை வைத்து வருவது. வகுப்பில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தே இரண்டு மூன்று வாரம் போனால் அந்தப் பழக்கம் பெருமளவு போய்விடும். இன்டர் காலேஜ் மீட் தேதி நோட்டீஸ் போர்டில் ஏறிய மறுநாளே டீமைக் கூப்பிட்டு முதல் நாளிலேயே பத்து ரவுண்டு வாங்குவதுதான் இருப்பதிலேயே மோசமான முறை.

உடம்பு வெயிலுக்குப் பழக 14 நாள் வேண்டும். முதல் மூன்று நாள் 30, 40 நிமிடம், பக்கத்தில் ஓடுகிறவனோடு பேசிக்கொண்டே ஓடுகிற வேகத்தில். நாலாம் நாளில் இருந்து ஒரு மணி நேரமாக்கி, வேகப் பயிற்சியில் பாதியை மட்டும் சேர்க்கலாம். முழுப் பயிற்சி இரண்டாம் வாரத்தில்தான். முதல் வாரத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், அதே வேகத்துக்கு இதயம் குறைவாக அடிக்கும். பிறகு வேர்வை சீக்கிரம் வரும், அதில் உப்புக் குறையும். சோதித்துப் பார்ப்பது சுலபம். ஒரே வேகத்தில் நாலு ரவுண்டு ஓடவிட்டு, நின்றதும் மணிக்கட்டில் 15 விநாடி நாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். முதல் நாள் எண்ணும் ஏழாம் நாள் எண்ணும் ஒரே நோட்டில் இருக்கட்டும். குறையவில்லை என்றால் அந்தப் பையன் இன்னும் தயாராகவில்லை. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ராத்தூக்கம் இல்லாத நாள் என்றால் ஓடவே வேண்டாம்.

நம்ம பக்கம் இன்னொரு சிக்கல் உண்டு. சொட்டுகிற வேர்வை உடம்பைக் குளிர வைக்காது, காய்கிற வேர்வைதான் குளிர வைக்கும். கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற மாதங்களில் காற்று அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். காற்று விழுந்து புழுங்குகிற நாளில், வெப்பமானி அதே எண்ணைக் காட்டினாலும் உடம்புக்கு அது வேறு நாள். அன்றைக்கு ரவுண்டைக் குறைக்கிற பி.டி. சாரைப் பயந்தவர் என்று சொல்லாதீர்கள்.

கடற்கரை மணலில் ஓடினால் கால் இறுகும் என்று முதல் வாரமே அரியமானுக்கு வண்டி கட்டுவதும் வேண்டாத வேலை. அதே வேகத்துக்கு இளமணலில் ஏறத்தாழ 1.6 மடங்கு சக்தி செலவாகும், அத்தனை சூடும் உள்ளேதான் சேரும். குதிகால் நரம்பு பிடித்துக்கொள்வது தனி.

தண்ணீர் விஷயத்தில் ஊகம் வேண்டாம், ஒரு எடை மெஷின் போதும். ஒன்றுக்குப் போய்விட்டு, ஷார்ட்ஸோடு எடை. ஒரு மணி நேரப் பயிற்சி முடிந்து, வேர்வையைத் துடைத்துவிட்டுத் திரும்ப எடை. 62 கிலோ 60.9 ஆகி, நடுவில் அரை லிட்டர் குடித்திருந்தால் வேர்வை 1.6 லிட்டர். எடை 2 சதவீதத்துக்கு மேல் இறங்கக் கூடாது. ஏறவும் கூடாது. ஏறினால் குடித்தது அதிகம், ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், அதுவும் ஆளைச் சாய்க்கும்.

வெறும் குளுக்கோஸில் உப்பு இல்லை. ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். "ஸ்ட்ராங்கா இருக்கட்டும்" என்று ஒரு டம்ளரில் கரைத்தால் வயிற்றைக் கலக்கும். பாக்கெட் இல்லையா, ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. காலையில் உப்புப் போட்ட நீராகாரம் இருந்தால் இன்னும் நல்லது. போர்த் தண்ணிதான் உப்பாக இருக்கிறதே என்று சிரிக்க வேண்டாம். வாய்க்கு விளங்காத தண்ணீரைப் பிள்ளைகள் இரண்டு மடக்கோடு நிறுத்திவிடும், சிக்கலே அங்கேதான்.

பொம்பளைப் பிள்ளைகள் அந்த இரண்டு மடக்கும் குடிப்பதில்லை. கிரவுண்டு பக்கத்தில் கழிப்பறை இல்லை. அது இல்லாமல் "நல்லா தண்ணி குடிங்கம்மா" என்று மைக்கில் சொல்வதால் என்ன ஆகிவிடப் போகிறது?

இனி, ஓடுகிறவன் சூடு தாங்காமல் விழுந்தால். கால் பின்னும், உளறுவான், கைத்தாங்கலாகப் பிடிக்க வந்தவனையே தள்ளிவிடுவான், வாந்தி எடுப்பான். தோல் காய்ந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஓடும்போது வருகிற வெப்பத் தாக்கில் வேர்வை கொட்டிக்கொண்டே இருக்கும். உள்சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தாலும் அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் குறைவாகவே காட்டும், அதை நம்பிக் காத்திருக்கவும் வேண்டாம். நினைவு தடுமாறுகிறவன் வாயில் சோடா ஊற்றாதீர்கள். கையில் இரும்புச் சாவியும் வேண்டாம்.

ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும், அதே நேரத்தில் குளிர்விப்பதைத் தொடங்கிவிட வேண்டும். காரில் தூக்கிப்போட்டு ஓடினால், ராமநாதபுரம் போய்ச் சேரும்வரை உள்ளே வெந்துகொண்டிருப்பான். முதல் அரை மணி நேரத்துக்குள் சூடு இறங்க வேண்டும். நிழலில் தார்ப்பாயை விரித்து ஆளைப் படுக்கவைத்து, ஐந்தாறு பேர் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தால் தொட்டி ஆகிவிடும். எட்டு, பத்துக் குடம் தண்ணீர், மேலே நொறுக்கிய ஐஸ். ஒருவர் தலையைத் தண்ணீருக்கு மேலே தாங்கிப் பிடிக்க, மற்றவர்கள் தார்ப்பாயை மெல்ல ஆட்ட வேண்டும். ஆட்டாவிட்டால் உடம்பை ஒட்டிய தண்ணீர் சூடாகி அங்கேயே நிற்கும். நினைவு தெளியும்வரை, நடுக்கம் எடுக்கும்வரை, இல்லாவிட்டால் ஆம்புலன்ஸ்காரர் கையில் எடுக்கும்வரை இதுதான் வேலை.

தார்ப்பாய் வராவிட்டால் ஐஸ் தண்ணீரில் ஊறிய துண்டுகள். தலை, கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, நெஞ்சு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிப் போடுங்கள்.

முந்தின நாள் சாயங்காலமே ஐஸ் கம்பெனியில் சொல்லி வைத்துவிட்டு, ஏலக்கூடத்தில் இருந்து மூடியுள்ள தெர்மாகோல் மீன்பெட்டி இரண்டு வாங்கி வாருங்கள். காலையில் ஐஸை உடைத்து நிரப்பி, மேலே ஈரச் சாக்கைப் போட்டு, ஓட்டம் முடிகிற கோட்டுக்குப் பக்கத்தில் நிழலில் வைத்தால் மத்தியானம் தாண்டியும் தாங்கும். ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு யாரும் டீ குடிக்கப் போய்விடாமல் இருந்தால் சரி.