தன்பாலீர்ப்பை மாற்றும் ஆலோசனை: ஒரு திருத்தம்

பெற்றோர் விரும்பினால் மகனின் தன்பாலீர்ப்பை ஆலோசனை மூலம் மாற்றலாம், தமிழ்நாட்டில் அதற்குத் தடையில்லை என்று சிலர் கூறுவது தவறு. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் மாதம் பிறப்பித்த உத்தரவு இத்தகைய முயற்சிகளைத் தடைசெய்ததோடு, அவற்றில் ஈடுபடும் வல்லுநர்களின் உரிமத்தை ரத்து செய்வது உள்ளிட்ட நடவடிக்கைகளையும் எடுக்கப் பணித்தது. அந்த உத்தரவுக்கு முன் அவரே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து இது குறித்துக் கற்றுக்கொண்டார் என்பதை ஆலோசகர் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமும் இதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. பெற்றோரின் அச்சம் உண்மையானது, அதைப் புறந்தள்ளக் கூடாது. ஆனால் அந்த அச்சத்தைத் தணிக்க அவர்களுக்குத் தனி அமர்வு தரலாமே தவிர, மகனை மாற்றித் தருவதாக எந்த ஆலோசகரும் ஒப்புக்கொள்ள இயலாது.