சூறைக்குருவியை ஊருக்கு அனுப்புவது பகல் நீளம்

அண்ணாச்சி, நெல்லைக்கு வரும் சூறைக்குருவிகள் பங்குனி வெயில் தாங்காமல்தான் மத்திய ஆசியாவுக்குத் திரும்பி முட்டையிடுகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. இடம்பெயரும் பாடும் பறவைகளின் இனப்பெருக்கத்துக்கு முதல் தூண்டுதல் பகல் நீளம்தான்.

1920களில் கனடாவின் எட்மண்டனில் வில்லியம் ரோவன் என்ற விலங்கியலாளர் இதைச் செய்தே காட்டினார். ஜுங்கோ என்ற சின்னப் பறவைகளைக் குளிர்காலத்தில் வெளிக்கூண்டில் விட்டு, சாயங்காலம் மின்விளக்குப் போட்டுப் பகலைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினார். வெளியே கடும் உறைபனி. ஆனாலும் அவற்றின் விந்தகங்கள் வசந்தம் வந்ததுபோலப் பெருத்தன. விளக்கில்லாத கூண்டில் அப்படி நடக்கவில்லை. இத்தனைக்கும் இதற்குக் கண்கூடத் தேவையில்லை: மண்டையோட்டின் வழியே கசியும் வெளிச்சத்தை மூளைக்குள் உள்ள செல்களே உணர்ந்து ஹார்மோன்களைக் கிளப்பிவிடுகின்றன.

நம்ம ஊரில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் சுமார் 1 மணி நேரம்தானே வித்தியாசம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பறவைக்குள்ளேயே ஓர் ஆண்டுக் கடிகாரமும் ஓடுகிறது. அப்புறம் வடக்கே போகப் போகப் பகல் வேகமாக நீள்கிறது. வெயிலும் இரையும் கிளம்பும் நாளைச் சற்று முன்பின் தள்ளும், அவ்வளவுதான்.