குயிலை ஒட்டினால் காடாகிவிடுமா?

போன வாரம் பல் பிடுங்கப் போன இடத்தில் முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். கூரையிலிருந்த ஒலிபெருக்கியில் 'இயற்கை இசை' வழிந்துகொண்டிருந்தது. சின்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவியில் இழுத்துப் பிடித்த ஒரே சுரம், அதன்மேல் ஓடை, ஓடையின்மேல் ஐரோப்பியக் குயில். நான்காவது தடவையும் அதே குயில் அதே இடத்தில் கூவியபோது, பல்வலியே தேவலை என்றிருந்தது. வெளியே மாமரத்தில் எங்கள் ஊர்க் கொண்டைக்குருவி நிஜமாகவே கத்திக்கொண்டிருந்தது. (மொரீசியசின் கிரியோல் மொழியில் அதைக் 'கோந்தே' என்பார்கள், என் காதில் 'கொண்டை' என்றுதான் விழும்.) சன்னலைத் திறந்துவிட்டிருந்தாலே போதும்.

இதைச் சொன்னால், "மின்சாரக் கருவிக்கும் இயற்கைக்கும் என்ன உறவு?" என்று நண்பர்கள் தொடங்கிவிடுகிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. குற்றம் கருவியில் இல்லை, ஒட்டுவேலையில்.

என் அக்கா மகன் மடிக்கணினியில் இசை அமைக்கிறான். மொரீசியசைப் பெரும்பாலும் வளைத்துக் காக்கும் பவளத்திட்டு, தெற்கே சூயாக்கை ஒட்டிய கிரி கிரியில் அறுந்துபோகிறது. அங்கே அலை தயவு தாட்சண்யம் இல்லாமல் நேரே பாறையில் வந்து அறையும். அதை இசையில் கொண்டுவர வேண்டும் என்பது அவனுடைய பிடிவாதம். ஒலிப்பதிவுக் கருவியை அவன் அங்கே எடுத்துப் போகவில்லை. வானொலியில் நிலையம் கிடைக்காதபோது 'உஸ்' என்று ஓர் இரைச்சல் வருமே, எல்லா அதிர்வெண்களும் சம பலத்தில் கலந்தது, அதிலிருந்து தொடங்கினான். அதை ஒரு வடிகட்டி வழியே விட்டு மேல் அதிர்வெண்களை அடைத்தால் தொலைவில் கடல் கேட்கிறது. மெல்லத் திறந்தால் அலை எழும்பி வருகிறது. மறுபடி மூடினால் வடிந்துபோகிறது.

"எப்படி இருக்கிறது, சித்தி?"

"சலவை இயந்திரம் மாதிரி இருக்கிறது, தம்பி."

முகம் சுருங்கிவிட்டது. ஆனால் உண்மை அதுதான். பத்து விநாடிக்கு ஒன்றாக, அளந்து வைத்தாற்போல எந்தக் கடலும் அலை அனுப்புவதில்லை. இரண்டு வாரம் கழித்து, இடைவெளியையும் உயரத்தையும் தாறுமாறாக்கி, அடியில் ஓர் உறுமலையும் சேர்த்துப் போட்டுக் காட்டினான். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். பெரிய அலை ஒன்று திரண்டபோது என் கை தானாகத் தலைக்குப் போனது, போடாத தொப்பியைப் பிடிக்க.

இதில் வியக்க ஒன்றுமில்லை. 'சலசல' என்று எழுதும்போது நாம் ஆற்றைப் பதிவு செய்தா ஒட்டுகிறோம்? வெறும் இரண்டெழுத்தை இரட்டித்து வைக்கிறோம், தண்ணீர் ஓடுகிறது. இரட்டைக்கிளவி வைத்திருக்கும் மொழிக்காரர்கள் சின்தசைசரைச் சந்தேகிப்பது வேடிக்கை.

ஜப்பானிய இசையமைப்பாளர் ஹிரோஷி யோஷிமுராவின் 'கிரீன்' தொகுப்பு வெளிவந்தது 1986இல். அமெரிக்காவில் வெளியிட்டபோது அதில் இயற்கை ஒலிகளைச் சேர்த்தார்கள். அவருக்குப் பிடித்ததோ அவை இல்லாத மூல வடிவம். 2020இல் வந்த மறுபதிப்பில் அதுதான் இருக்கிறது. அதில் ஓர் இலையின் சத்தம்கூடக் கிடையாது. ஆனாலும் மழை விட்ட காலையில் மோக்கா பக்கம் பஸ்ஸில் போகும்போது அதைக் கேட்டால், சன்னலுக்கு வெளியே இருக்கும் பச்சை இன்னும் ஒரு படி கூடித் தெரிகிறது.

பதிவு செய்த ஒலியே கூடாது என்றும் சொல்லவில்லை. ஆங்கிலேய இசையமைப்பாளர் பிரையன் ஈனோ 1982இல் 'ஆன் லேண்ட்' தொகுப்பில் தவளை, பூச்சி, காக்கையினப் பறவை எல்லாவற்றையும் பயன்படுத்தினார். ஆனால் எது தவளை, எது கருவி என்று பிரிக்க முடியாதபடி கரைத்துவிட்டார். ஊறுகாயில் உப்பு கிடப்பதுபோல. பல் மருத்துவரின் குயிலோ சோற்றில் கிடந்த கல்.

பையன் இப்போது கரும்புக்காட்டுக் காற்றில் மாட்டிக்கொண்டு நிற்கிறான். கடலுக்குச் செய்த வித்தை இங்கே பலிக்கவில்லை. தோகை உரசுவது 'உஸ்' அல்ல, நுணுக்கி நுணுக்கி உடையும் ஓசை. எங்கள் தீவின் செகா ஆட்டத்தில் குலுக்கும் மராவானை அவனிடம் எடுத்துக் கொடுத்தேன். கரும்புப் பூத்தண்டுகளை அடுக்கிக் கட்டி உள்ளே விதைகளைப் போட்ட தட்டையான பெட்டி. ஒருமுறை சாய்த்தான். விதைகள் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடின. "அட, இதில்தான் இருக்கிறது!" என்று கணினியைத் திறந்தவன், சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.